கண்டதைச் சொல்லுங்கள்

பெரியோர்களே, சகோதர சகோதரிகளே, வணக்கம்.

கொழும்பில் இருக்கும் நாங்கள் ஒரு நாளைக்கு எத்தனை தடவை 'ஸ்துதியி' என்கிறோம்! கடையில் மிச்சக்காசு வாங்கும்போது சொல்கிறோம், ஓட்டோவால் இறங்கும்போது சொல்கிறோம். அந்தச் சிங்களச் சொல் வடமொழி 'ஸ்துதி'யில் இருந்து வந்தது. கோயிலில் நாம் சொல்லும் துதியும் அதே சொல்தான். புகழ்தல் என்பது பொருள். சிங்களத்தில் அது நன்றியாகி வீதிக்கு வந்துவிட்டது. தமிழில் அதைச் சாமிக்கென்று எடுத்து வைத்துவிட்டோம். பக்கத்தில் இருக்கும் மனிசரைப் புகழ நமக்கு வாய் எழும்புவதில்லை. மனம் இல்லாமல் அல்ல, பழக்கம் இல்லாமல்.

பாராட்டு என்றால் கண்டதைச் சொல்வது. ஒரு வீட்டில் இடியப்பமும் சொதியும் தருகிறார்கள் என்று வையுங்கள். "நல்லா இருக்கு" என்றால் அந்த மாமிக்கு ஒன்றும் போய்ச் சேராது. எல்லோரும் எல்லாவற்றுக்கும் சொல்கிற சொல் அது. சொதியில் கஷ்டமான இடம் கடைசியில்தான் வரும். முதற்பாலை விட்டபிறகு கொதிக்க விடக்கூடாது. துழாவிக்கொண்டே நின்று, ஓரத்தில் நுரை கட்டும்போது இறக்க வேண்டும். தேசிக்காய்ப் புளியை அடுப்பில் வைத்தே விட்டால் பால் திரைந்துபோகும், இறக்கிச் சற்று ஆறியபிறகுதான் விட வேண்டும். இதை அறிந்தவர் சொல்லும் பாராட்டு வேறு மாதிரி இருக்கும்: "மாமி, பால் கொஞ்சமும் திரையேல்ல, புளியும் அளவா நிக்குது. இன்னும் ரெண்டு இடியப்பம் வையுங்கோ." அடுப்படியில் நின்ற அந்த ஐந்து நிமிடத்தை ஒருவர் கண்டுவிட்டார் என்பது மாமிக்கு விளங்கும்.

இரண்டு வசனம் போதும், பத்து விநாடிக்குள் முடிந்துவிடும். எதைக் கண்டீர்கள் என்பது முதல் வசனம். அதனால் உங்களுக்கு என்ன கிடைத்தது என்பது இரண்டாவது. அதோடு நிறுத்திவிட வேண்டும். நிறுத்துவதில்தான் பலர் தவறுகிறோம். "சட்டை நல்லாத் தைச்சிருக்கிறீங்க, ஆனா கை கொஞ்சம் இறுக்கம்" என்றால், தையற்கார அக்கா வீட்டுக்குக் கொண்டுபோவது 'ஆனா'வுக்குப் பின்னால் வந்ததை மட்டும்தான். திருத்தம் இருந்தால் வேறு நேரத்தில் தனியாகச் சொல்லுங்கள். பாராட்டிய கையோடு உதவி கேட்காதீர்கள், கேட்டால் அது கூலியாகிவிடும். ஒப்பிடவும் வேண்டாம். "அக்காவை விட நீர் கெட்டிக்காரி" என்ற ஒரு வசனம் ஒரே வீட்டில் இரண்டு பேரை நோகடிக்கும். உடம்பைப் பற்றி, முக்கியமாக "நல்லா மெலிஞ்சிட்டீங்க" என்று, வாய் திறக்கவே வேண்டாம். அது வருத்தத்தால் வந்த மெலிவாகவும் இருக்கலாம்.

பிள்ளைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். 1998இல் கிளோடியா மியூலர், கரோல் டுவெக் என்ற அமெரிக்க உளவியலாளர் இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதில் பங்குபற்றியவர்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள், நம் வீடுகளில் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கும் அதே வயது. முதலில் கொடுத்த வடிவப் புதிர்களைச் செய்து முடித்ததும் சிலரிடம் "நீ கெட்டிக்காரப் பிள்ளை" என்றார்கள், சிலரிடம் "நல்லா முயற்சி செய்திருக்கிறாய்" என்றார்கள். பிறகு கடினமான புதிர்களைக் கொடுத்தார்கள். அதில் தடுக்கியபின், கெட்டிக்காரர் என்று கேட்ட பிள்ளைகளுக்கு முன்பு செய்தது போன்ற புதிர்களிலேயே முன்னையைவிடக் குறைவாகத்தான் சரிவந்தது. முயற்சிக்குப் பாராட்டுப் பெற்றவர்கள் முன்னேறினார்கள். ஆகவே புள்ளியைப் பார்த்து "மூளைசாலி" என்று சொல்லாதீர்கள். "பின்னக் கணக்கில விடை பிழைச்ச இடத்தைத் திரும்பப் போய்த் தேடிப் பிடிச்சியே" என்று சொல்லுங்கள். அடுத்த தாளில் அவன் அதைத் திரும்பச் செய்வான்.

கைக்குழந்தைகளுக்கு நாவூறு என்ற பயம் உண்டு. அதை அலட்சியம் செய்து "என்ன வடிவான பிள்ளை!" என்று சொல்லித் தாயைக் கலங்க வைக்க வேண்டியதில்லை. தாயையே பாராட்டுங்கள்: "நித்திரை இல்லாமலும் பொறுமையாப் பாக்கிறீங்க." முஸ்லிம் வீடுகளில் 'மாஷா அல்லாஹ்' என்று சேர்த்துச் சொன்னால் அவர்கள் மனம் ஆறும்.

இனி வாங்குவது. "சாறி வடிவா இருக்கு" என்றால் உடனே "ஐயோ, இது பழசு, புறக்கோட்டையில மலிவுக்கு எடுத்தது" என்கிறோம். அனிதா பொமரன்ற்ஸ் என்ற ஆய்வாளர் 1978இலேயே இந்தச் சிக்கலை எழுதினார். சொன்னவரோடு ஒத்துப்போகவும் வேண்டும், தன்னைத் தானே புகழவும் கூடாது. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுத்தான் நாம் மறுக்கிறோம். மறுப்பைக் கேட்பவருக்கோ, தன் கண் பிழை என்று சொன்னது போல் படும். 'நன்றி' மேடைச் சொல்லாகத் தோன்றினால் நம்மிடம் அருமையான சொல் ஒன்று இருக்கிறது: "சந்தோஷம்." அதைச் சொல்லி, முகத்தைப் பார்த்து, ஒரு மூச்சு விடுங்கள். உடனே திருப்பி அவருடைய சாறியைப் புகழ வேண்டாம், அது கடன் தீர்ப்பது போல் ஆகிவிடும். வேலையில் இன்னொருவருக்குப் பங்கு இருந்தால் அவர் பெயரைச் சேருங்கள்: "சந்தோஷம், பூ வேலை தங்கச்சி செய்தவ."

ஆள் இல்லாத இடத்தில் அவரைப் பற்றி நல்லது கேட்டால், அன்றைக்கே அவரிடம் சேர்த்துவிடுங்கள். கனடாவில் இருந்தாலும் பதினைந்து விநாடி வாட்ஸ்அப் குரற்பதிவு போதும். "ஆரோ சொன்னாங்க" என்று சொல்லாதீர்கள். சொன்னவர் பெயர், சொன்ன இடம், சொன்ன வார்த்தை மூன்றையும் அப்படியே கொடுங்கள்.