ஐந்தாவது தடவை கேட்டபோது

நேயர்களுக்கு வணக்கம். கடலூர்ப் பக்கம் 31 வருஷம் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் நடத்தியவள் நான். பிள்ளைகளின் பாதுகாப்புக்கு அரசு போட்டிருக்கும் சட்டதிட்டங்களைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் ஒரு பையனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் வருவதற்குப் பல வருஷம் முன்பு. மூன்றாம் வகுப்புப் பிள்ளை. செவ்வாய், வியாழன் ஆனால் சாயங்காலம் வயிற்றுவலி என்பான். நானும் ஓமத்தண்ணீர் கொடுத்து அனுப்புவேன். மூன்று வாரம் கொடுத்தேன். அந்த இரண்டு நாள்தான் அவனுக்கு டியூஷன் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. நாலாவது வாரம், சத்துணவுத் தட்டைக் கழுவிக்கொண்டே, "டீச்சர், அந்த சார் வீட்டுக்குப் போவலன்னா அடிப்பீங்களா?" என்றான். மீதியை அவனே சொன்னான்.

தலைமையாசிரியரிடம் அழைத்துப்போனேன். அவர் கேட்டார். நிர்வாகத்திலிருந்து ஒருவர் வந்து கேட்டார். அப்பா கேட்டார், பெரியப்பா கேட்டார். ஒவ்வொருவரும் முதலிலிருந்து சொல்லச் சொன்னார்கள். "ஆம்பளப் புள்ளைக்கு என்னாயிடப் போவுது" என்று ஒரு குரல். ஐந்தாவது தடவை கேட்டபோது, "ஒண்ணும் நடக்கல, நான்தான் பொய் சொன்னேன்" என்றான். பெரியவர்கள் எல்லாருக்கும் நிம்மதி. டியூஷன் மட்டும் நின்றது. அந்த ஆள் வேறு ஊருக்குப் பாடம் சொல்லித்தரப் போய்விட்டான்.

2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்த போக்சோ சட்டத்தைப் படித்தபோது பிரிவுக்குப் பிரிவு அந்தப் பையன் முகம்தான் தெரிந்தது. 18 வயதுக்குட்பட்ட ஆண், பெண் எல்லாப் பிள்ளைகளுக்கும் அது பொது. வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ, அது விரும்பும் இடத்திலோ, கூடியமட்டும் ஒரு பெண் உதவி ஆய்வாளர், சீருடை போடாமல் வந்து எழுத வேண்டும். சாட்சி சொல்ல நீதிமன்றத்துக்குத் திரும்பத் திரும்ப அழைக்கக் கூடாது. தெரிந்தும் சொல்லாத பெரியவருக்கு 6 மாதம் வரை சிறை. தன் கீழ் வேலை பார்ப்பவர் செய்ததை மறைக்கும் நிர்வாகிக்கு ஓராண்டு வரை. பள்ளிக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்வதும் மறைப்பதுதான்.

ஆசிரியர்களே, பிள்ளை வாய் திறந்தால் சொன்னவரைக்கும் கேட்டுக்கொள்ளுங்கள். "அப்புறம்? அப்புறம்?" என்று தோண்டாதீர்கள். நிஜமா என்று துருவுவது காவல்துறையின் வேலை. அன்றைக்கே தெரிவிப்பது நம் வேலை. இன்னொரு தடவையும் சொல்கிறேன், விசாரிப்பது நம் வேலை இல்லை.

கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழுவைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், நேரமாகிவிட்டது என்கிறார்கள். இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். போக்சோ சட்டத்தின் 2020 விதிகளின்படி, ஆசிரியரோ ஒப்பந்த ஊழியரோ, பள்ளியில் வேலை செய்யும் ஒவ்வொருவரையும் பற்றி அவ்வப்போது காவல்துறைச் சரிபார்ப்பு செய்தாக வேண்டும். பெற்றோர் கூட்டத்தில் அதைக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். உதவிக்கு எண் 1098. பத்து, ஒன்பது, எட்டு என்று சொல்லிக்கொடுத்தால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் மறக்காது. புதுச்சேரியிலும் அதே எண்தான், காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள். வணக்கம்.