பழைய படம் மெதுவாக ஓடுகிறதா?

நேயர்களுக்கு வணக்கம்.

சினிமாவைப் பற்றிப் பேச்சு வந்தாலே சீக்கிரத்தில் இரண்டு கட்சி சேர்ந்துவிடும். "இப்போதெல்லாம் படமா எடுக்கிறார்கள்?" என்பது ஒரு கட்சி. "அந்தக் கறுப்பு வெள்ளையை ஐந்து நிமிடத்துக்கு மேல் பார்க்க முடியவில்லை" என்பது இன்னொரு கட்சி. இரண்டாம் கட்சிக்காரர்கள் சொல்லும் குறைகளில் பாதி, படத்தின் குறையே இல்லை என்பது என் வாதம். அவர்கள் பார்த்தது ஓரம் வெட்டப்பட்ட, வேகம் மாறிய, தேய்ந்துபோன ஒரு நகல். அதையும் தப்பாக அமைத்த தொலைக்காட்சியில் பார்த்திருப்பார்கள். அந்தக் கணக்கை முதலில் தீர்ப்போம். பழசா புதுசா என்ற சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

வேகம். பேசும் படம் வந்தபிறகு, 1920களின் கடைசியில், விநாடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 அசையாப் படங்கள், என்று நிலைத்தது. ஓட்டத்தின் வேகம் மாறினால் குரல் மாறிவிடும் என்பதால் எல்லோரும் ஒரே எண்ணுக்குக் கட்டுப்பட வேண்டியிருந்தது. அதற்கு முந்தைய மௌனப் படங்களைக் கையால் சுற்றும் கேமராவில் எடுத்தார்கள். விநாடிக்கு 16, 18, 20 என்று படத்துக்குப் படம், சில சமயம் காட்சிக்குக் காட்சி வேகம் மாறும். 18 ஃப்ரேமில் எடுத்ததை 24இல் ஓட்டினால் ஒரு மணி நேரப் படம் 45 நிமிடத்தில் முடிந்துவிடும். துக்கக் காட்சியில்கூட ஆட்கள் குடுகுடுவென்று ஓடுவார்கள். மௌனப் படம் என்றாலே கேலிக்கூத்து என்ற எண்ணம் பெரிதும் இப்படித்தான் உண்டாயிற்று. நகைச்சுவைப் படங்களில் வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றி, திரையில் வேகத்தைக் கூட்டியவர்களும் உண்டு. ஆகவே எல்லாவற்றையும் நிதானப்படுத்திவிடுவதும் தவறுதான். அந்தந்தப் படத்துக்கு எது சரி என்பதை ஆராய்ந்து வெளியிட்ட பதிப்பைத் தேடிப் பார்ப்பதே வழி.

நீளத்திலும் இதே கதை. ஜெர்மன் மௌனப் படமான 'மெட்ரோபொலிஸ்' 1927இல் வெளியாகிச் சில மாதங்களிலேயே கடுமையாக வெட்டப்பட்டது. 2008இல் புவனெஸ் அயர்சில் ஒரு 16 எம்.எம். நகல் கிடைத்து, 2010இல்தான் ஏறக்குறைய இரண்டரை மணி நேரப் பதிப்பு வந்தது. அதற்கு முன்பு "கதை புரியவில்லை" என்று எழுதியவர்கள் வேறொரு படத்தைப் பார்த்துவிட்டு எழுதியவர்கள்.

பழைய டிவிடி சேமித்து வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறைக்காகச் செய்த டிவிடிகளில் 24 ஃப்ரேம் படத்தை 25ஆக ஓட்டிவிடுவார்கள். 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடியும். சுருதியைத் திருத்தாமல் விட்டிருந்தால் குரல் அரைச் சுரத்துக்குச் சற்றுக் குறைவாக ஏறியிருக்கும். வசனத்தில் இது தெரியாது, பாட்டில் காது கண்டுபிடித்துவிடும்.

அடுத்தது சட்டகம், அதாவது படத்தின் உயர அகல விகிதம். இதில்தான் அநியாயம் அதிகம். 1932இல் ஹாலிவுட் வகுத்த அளவின்படி உயரம் 1 என்றால் அகலம் 1.37. 1953இல் சினிமாஸ்கோப் வந்ததும் அகலம் 2.55 ஆகி, பிறகு 2.35 ஆயிற்று. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வந்த 'ராஜராஜ சோழன்'. ஆக அதற்கு முந்தைய தமிழ்ப் படம் ஒன்று திரையை முழுக்க அடைத்துக்கொண்டு அகலமாக ஓடினால், எங்கோ கத்தி பட்டிருக்கிறது என்று அர்த்தம். 1.37 படத்தை இன்றைய தொலைக்காட்சித் திரை நிரம்பும்படி பெரிதாக்கினால், மேலும் கீழுமாகச் சேர்த்து 23 சதவீதம் போய்விடும். ஸ்கோப் அளவுக்கு வெட்டினால் 42 சதவீதம் போகும். தலை உச்சி நெற்றியோடு நிற்கும், நடனத்தில் பாதம் காணாது. அந்தக் காலத்து நடனக் காட்சியில் பாதத்தை வெட்டிவிட்டால் பிறகு பார்ப்பதற்கு என்னதான் இருக்கிறது?

வெட்டாமல் இழுத்துவிடுபவர்களும் உண்டு. இதைக் கண்டுபிடிப்பது சுலபம். சக்கரம், கடிகாரம், தட்டு என்று வட்டமான ஒரு பொருள் நேராகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். அது நீள்வட்டமாக இருந்தால் படம் இழுக்கப்பட்டிருக்கிறது. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை தெரிந்தால் கவலையே வேண்டாம், அதுதான் சரியான படம்.

இனி உங்கள் தொலைக்காட்சி. கடையிலிருந்து வரும்போது அது வெளிச்சமான இடத்தில் கண்ணைப் பறிக்கும்படி அமைக்கப்பட்டிருக்கும். பட முறை என்ற பட்டியலில் 'ஃபிலிம்மேக்கர்' என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். 2019இல் அறிவிக்கப்பட்ட இந்த முறை, வேண்டாத பல வேலைகளை ஒரே அழுத்தில் நிறுத்திவிடும். இல்லையென்றால் 'சினிமா' அல்லது 'மூவி' என்று இருக்கும். அதைப் போட்டுவிட்டு, அசைவை வழவழப்பாக்கும் வசதியைத் தேடி அணையுங்கள். ட்ரூமோஷன், மோஷன்ஃப்ளோ, ஆட்டோ மோஷன் பிளஸ் என்று நிறுவனத்துக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். இரண்டு ஃப்ரேமுக்கு நடுவே கருவி தானாகக் கற்பனை செய்து புது ஃப்ரேம்களை நுழைப்பதுதான் இதன் வேலை. கிரிக்கெட் பந்துக்கு அது உதவலாம். சினிமாவில் புகுந்தால் கோடி கோடியாகச் செலவழித்த படமும் மதிய நேரத் தொடர் மாதிரி தெரியும்.

கூர்மை என்ற அளவைக் குறையுங்கள். பல கருவிகளில் பூஜ்ஜியம்தான் இயல்பு நிலை, சிலவற்றில் நடு எண் இயல்பு நிலை. எழுத்துகளின் விளிம்பில் வெள்ளைக் கோடு மறையும் இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். சத்தக் குறைப்பு, அதாவது நாய்ஸ் ரிடக்ஷன், என்று ஒன்று இருக்கும். பெயரில் சத்தம் இருந்தாலும் இது ஒலிக்கு இல்லை, படத்துக்கு. அதையும் அணைத்துவிடுங்கள். ஃபிலிமில் தெரியும் மணல் மணலான துகளை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடுகிறது அது. அந்தத் துகள்தான் படம். அதைத் துடைத்தால் தோலின் ரேகை, புடவையின் நெசவு எல்லாம் கூடவே போய், முகம் மெழுகு பூசினதுபோல் ஆகிவிடும். சில 'புதுப்பித்த' பதிப்புகளில் வெளியிட்டவர்களே இந்தப் பாவத்தைச் செய்துவிடுகிறார்கள். அதற்கு உங்கள் கருவியில் மருந்து கிடையாது.

வண்ணம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1950களிலிருந்து பரவிய ஈஸ்ட்மன்கலர் வகை பிரின்ட்களில் நீலப் பச்சைச் சாயம் முதலில் மங்கும், மிஞ்சுவது இளஞ்சிவப்பு. படம் முழுக்க ரோஜா நிறமாகத் தெரிந்தால் அது ஒளிப்பதிவாளரின் ரசனை இல்லை, சாயத்தின் முதுமை. சாயத்தை நேரடியாக அச்சேற்றிய டெக்னிகலர் பிரின்ட்கள் இப்படி மங்குவதில்லை.

ஒலிக்கு வருவோம். வானொலி கேட்பவர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். பழைய படங்களின் ஒலித்தடம் ஒற்றைத் தடம். அதில் உச்ச அதிர்வெண்கள் மிகக் குறைவு. வசனம் தெளிவாக இல்லையே என்று உச்ச ஒலியைக் கூட்டினால் இரைச்சல்தான் கூடும். 'சரவுண்ட்', 'ஹால்' போன்ற செயற்கை விளைவுகளை அணையுங்கள். ஒற்றைத் தடத்தை அறை முழுக்கப் பரப்பினால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகும். ஒரு வட்டில் மோனோ எனப்படும் அசல் ஒற்றைத் தடமும், பல ஒலிபெருக்கிகளுக்குப் பிரித்துப் புதிதாகச் செய்த 5.1 ஒலியும் இருந்தால் மோனோவைத் தேர்ந்தெடுங்கள். ஹிட்ச்காக் இயக்கி 1958இல் வந்த 'வெர்டிகோ'வை 1996இல் புதுப்பித்தபோது காலடி ஓசை, துப்பாக்கி வெடி முதலியவற்றைப் புதிதாகப் பதிவுசெய்து சேர்த்தார்கள். படம் அழகாக வந்தது. ஆனால் 1958இன் காற்றில் 1990களின் செருப்பு நடக்கிறது. எனக்கு அது உடன்பாடில்லை.

இவ்வளவும் சரிசெய்து பார்த்தபிறகும் "மெதுவாகத்தான் இருக்கிறது" என்று ஒருவர் சொன்னால், அப்போது பேச விஷயம் இருக்கிறது.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஏதாவது ஒரு படத்தில் தொடர்ந்து ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டு, வெட்டு விழும்போதெல்லாம், அதாவது ஒரு ஷாட் முடிந்து அடுத்த ஷாட்டுக்குத் தாவும்போதெல்லாம், ஒரு கோடு போடுங்கள். 300 விநாடியை அந்த எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு ஷாட்டின் சராசரி நீளம் கிடைக்கும். 1940களின் ஹாலிவுட் படம் என்றால் பெரும்பாலும் எட்டிலிருந்து பதினொரு விநாடி வரை வரும். இன்றைய படம் என்றால் மூன்றிலிருந்து ஐந்துக்குள் நிற்கும். காரணம் பொறுமை குறைந்தது மட்டும் இல்லை. அன்றைய கேமரா சத்தம் போடாமலிருக்கக் கனமான உறைக்குள் இருந்தது, நகர்த்துவது பெரிய வேலை. ஃபிலிம் விலை உயர்ந்தது. அதனால் நடிகர்களை எங்கே நிறுத்துவது, யார் எப்போது முன்னால் வருவது என்று முன்கூட்டியே ஒத்திகை பார்த்து, ஒரே ஷாட்டுக்குள் மூன்று நிகழ்வுகளை அடுக்கினார்கள். டிஜிட்டலில் கேமராவை ஓடவிட்டால் கூடுதல் செலவு சொற்பம். மூன்று நான்கு கேமராவில் எல்லாக் கோணத்திலும் எடுத்துக்கொண்டு, முடிவைப் படத்தொகுப்பு மேசைக்குத் தள்ளிப்போடுவது எளிது. இன்றைய பல படங்களில் என்னை உறுத்துவது வேகம் இல்லை. இந்த இடத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று படப்பிடிப்பில் யாரும் முடிவெடுக்கவில்லை என்பதுதான்.

வேகம் குற்றம் இல்லை என்பதற்கு 2015இல் வந்த 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட்' சாட்சி. இரண்டு மணி நேரப் படத்தில் சுமார் 2,700 ஷாட்கள். சராசரி மூன்று விநாடிகூட இல்லை. ஆனாலும் எந்த வண்டி எங்கே இருக்கிறது என்று ஓரிடத்திலும் குழப்பம் வராது. முக்கியமான பொருளை ஃப்ரேமின் நடுவிலேயே வைத்து எடுத்தார்கள். வெட்டு விழுந்தாலும் கண் இடம் மாறித் தேட வேண்டியதில்லை. மோசமான சண்டைக் காட்சியில் இது தலைகீழாக இருக்கும். ஒரு ஷாட்டில் முகம் இடது ஓரம், அடுத்ததில் கத்தி வலது ஓரம், கண் அங்கே போய்ச் சேர்வதற்குள் மூன்றாவது ஷாட் வந்துவிடும். பல கேமராவும் குற்றம் இல்லை. 1954இன் 'செவன் சாமுராய்' படத்தில் மழைச் சண்டையை அகிரா குரோசவா பல கேமராக்களில்தான் எடுத்தார். எதற்காக எடுக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நிதானத்தின் பக்கம் ஒரே ஒரு படத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். 1957இல் சிட்னி லூமெட் இயக்கிய '12 ஆங்ரி மென்'. 96 நிமிடம், ஏறக்குறைய முழுவதும் ஒரே அறைக்குள். பன்னிரண்டு பேர் உட்கார்ந்து பேசுகிறார்கள், அவ்வளவுதான். முதல் பகுதியில் கேமரா கண் மட்டத்துக்கு மேலே இருக்கிறது. லென்ஸ் அகலமானது, அறை விசாலமாகத் தெரியும். நடுப்பகுதியில் கேமரா கண் மட்டத்துக்கு இறங்குகிறது. கடைசிப் பகுதியில் அதற்கும் கீழே. இதற்கிடையே லென்ஸின் குவிதூரம் படிப்படியாகக் கூடிக்கொண்டே போகும், அதாவது தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டும் லென்ஸாக மாறும். அதனால் பின்சுவர் முதுகை ஒட்டி வந்துவிடுகிறது, கூரை தலைக்கு மேல் இறங்குகிறது. யாரும் சுவரை நகர்த்தவில்லை, ஆனால் பார்ப்பவருக்கு மூச்சு முட்டும். முதல் முறை கதைக்காகப் பாருங்கள். இரண்டாம் முறை ஒலியை அணைத்துவிட்டு, 10ஆவது நிமிடம், 50ஆவது நிமிடம், 85ஆவது நிமிடம் மூன்றையும் அடுத்தடுத்துப் பாருங்கள், வித்தியாசம் கண்ணில் அறையும். இதை "வெறும் பேச்சுப் படம்" என்று சொல்பவரோடு எனக்கு வாதமே கிடையாது.

எல்லாப் பழைய சாகசமும் இந்த அளவுக்குத் தேறாது. ஹிட்ச்காக்கின் 'ரோப்', 1948, 80 நிமிடத்துக்குப் பத்தே ஷாட். கேமராவில் மாட்டும் 1,000 அடி ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி வீதம் 11 நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதனால் பல இடங்களில் ஒருவர் போட்டிருக்கும் கோட்டின் முதுகுப்பக்கத்தை நெருங்கித் திரையை இருட்டாக்கி அடுத்த ரீலைத் தொடங்குவார்கள். முதல் முறை ரசிக்கலாம். மூன்றாவது முதுகு வரும்போது கதையை விட்டுவிட்டுத் தையலைத் தேடத் தொடங்கிவிடுகிறோம். 2019இன் '1917' இதே வித்தையை டிஜிட்டலில் செய்தது. ஒட்டு தெரியவில்லை, ஓட்டமும் குறையவில்லை. இந்த ஒரு பந்தயத்தில் என் ஓட்டு புதியதற்கே.

புதிய படங்களுக்கும் வீட்டில் அநியாயம் நடக்கிறது. வசனம் கேட்கவில்லை, வெடிச் சத்தம் மட்டும் காதைக் கிழிக்கிறது என்பது எல்லோரும் சொல்லும் குறை. தியேட்டருக்கான ஒலிக்கலவையில் வசனத்துக்கென்று நடுவில் தனி ஒலிபெருக்கி உண்டு. தொலைக்காட்சியின் இரண்டு சிறு பெட்டிகளுக்குள் எல்லாவற்றையும் அமுக்கும்போது வசனம் அடியில் போய்விடும். ஒலி அமைப்பில் 5.1க்குப் பதில் ஸ்டீரியோவைத் தேர்ந்தெடுங்கள். 'இரவு முறை' இருந்தால் போடுங்கள், உச்சச் சத்தம் அடங்கி வசனம் மேலே வரும். தனி நடு ஒலிபெருக்கி இருந்தால் அதை மட்டும் இரண்டு மூன்று டெசிபல் கூட்டினால் போதும். இருட்டுக் காட்சி எதுவும் தெரியவில்லை என்றால் முதலில் அறை விளக்கை அணையுங்கள், சன்னலை மூடுங்கள். தியேட்டர் திரையின் வெளிச்சமே குறைவுதான், இருட்டான அரங்கை நம்பித்தான் படத்தின் வெளிச்சத்தையும் வண்ணத்தையும் அமைக்கிறார்கள். அதற்குப் பிறகும் தெரியாவிட்டால் படம் எடுத்தவர்களைத் தாராளமாகத் திட்டலாம்.

பழைய தமிழ்ப் படத்துக்குப் பழக்கமில்லாதவர்கள் எதிலிருந்து தொடங்கலாம் என்றால், 1954இல் எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்'. பாட்டே கிடையாது. ஒரு கொலை, பல சந்தேகங்கள், ஒவ்வொருவர் பார்வையிலும் கதை திரும்பத் திரும்ப விரிகிறது. முகத்தில் விழும் பாதி வெளிச்சத்தைக் கவனியுங்கள், மாருதி ராவின் ஒளிப்பதிவு. கொலையாகிறவர் ஒரு வானொலிப் பொறியாளர், ஆகவே இந்த வானொலி நிலையத்தில் உட்கார்ந்து அதைச் சிபாரிசு செய்வது கொஞ்சம் விவகாரம்தான். கொன்றது யார் என்று மட்டும் முன்கூட்டியே யாரிடமும் கேட்டுவிடாதீர்கள். எழுபது வருடம் ஆகியும் அதைச் சொல்லிக் கெடுக்க ஆள் பஞ்சமில்லை.

வணக்கம்.