கெய்ட்லின் என்ன ஆனாள்? 'ஹீரோஸ்' ரசிகர்கள் கைவிட்ட கதை

(திரையில்: டைம்ஸ் ஸ்கொயர் கூட்டத்தின் நடுவே, மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் சந்தோஷத்தில் கத்துகிறார்)

டோக்கியோ ரயிலில் போய்க்கொண்டிருந்த ஒரு ஆபீஸ் ஊழியர் கண்ணை இறுக்கி மூடுகிறார், திறந்தால் நியூயார்க்கில் நிற்கிறார். அவர் பெயர் ஹிரோ நகாமுரா. 2006 செப்டம்பரில் அமெரிக்காவின் என்.பி.சி. சேனலில், அபூர்வ சக்தி கிடைத்த சாதாரண மனிதர்களைப் பற்றிய 'ஹீரோஸ்' சீரிஸ் இப்படித்தான் தொடங்கியது. முதல் எபிசோடை ஏறக்குறைய 1 கோடியே 40 லட்சம் பேர் பார்த்தார்கள். 2010 பிப்ரவரியில் கடைசி எபிசோட் வந்தபோது அந்த எண்ணிக்கை 50 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. நடுவில் என்ன நடந்தது என்று பேசத்தான் இந்த வீடியோ. ஸ்பாய்லர் நிறைய வரும், சொல்லிவிட்டேன்.

முதல் சீசன் அவ்வளவு நல்லா இருந்தது, அதில் எனக்கு இன்னைக்கும் சந்தேகமே இல்லை. டெக்ஸாஸில் எவ்வளவு அடிபட்டாலும் காயம் தானே ஆறிவிடும் பள்ளி மாணவி கிளேர். மற்றவர்களின் சக்தி தனக்கும் ஒட்டிக்கொள்ளும் நர்ஸ் பீட்டர் பெட்ரெல்லி. அப்புறம் சைலர். கடிகாரம் பழுது பார்க்கிறவன், எந்தப் பொருளும் எப்படி இயங்குகிறது என்று பார்த்ததும் புரிந்துகொள்கிறவன், அதே திறமையை வைத்து மனிதர்களின் மண்டையைத் திறந்து சக்தியைத் திருடுகிறவன். இவர்கள் யாருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. நியூயார்க் ஒரு குண்டுவெடிப்பில் அழியப்போகிறது என்று மட்டும் நமக்குத் தெரியும், வருங்காலத்தை வரையும் ஓவியர் ஒருவர் வரைந்து காட்டிவிட்டார். 23 எபிசோடும் அந்த ஒரே புள்ளியை நோக்கி ஓடின.

நமக்கு இந்த சீரிஸ் பிடிக்க இன்னொரு காரணமும் உண்டு. எபிசோடின் தொடக்கத்திலும் முடிவிலும் வரும் அந்த நிதானமான குரல் மொஹிந்தர் சுரேஷுடையது, சென்னையிலிருந்து அப்பாவின் மரணத்துக்குக் காரணம் தேடி நியூயார்க் போய் டாக்ஸி ஓட்டும் மரபணு விஞ்ஞானி. நடித்தவர் செந்தில் ராமமூர்த்தி, சிகாகோவில் பிறந்தவர். சென்னைக்காரருக்கு மொஹிந்தர் என்று பஞ்சாபிப் பெயர் வைத்தது உறுத்தியது என்றாலும், அமெரிக்க சீரிஸ் ஒன்றில் ஊர்க்காரர் ஒருவர் கடை வைக்காமல், காமெடி பண்ணாமல், கதையின் மூளையாக இருந்தார். அது எனக்கு ரொம்பப் பெரிய விஷயமாக இருந்தது.

(திரையில்: அயர்லாந்து, துறைமுகத்தில் ஒரு கன்டெய்னர்)

இரண்டாவது சீசனுக்கு வருவோம். பீட்டர் நினைவை இழந்து அயர்லாந்தில் ஒரு கன்டெய்னருக்குள் கிடக்கிறான். அங்கே கெய்ட்லின் என்ற பெண் அவனுக்குத் துணையாக நிற்கிறாள், காதலும் வருகிறது. இரண்டு பேரும் ஒரு எதிர்காலத்துக்குப் போய்விடுகிறார்கள், வைரஸால் மனித இனத்தின் பெரும்பகுதி செத்துப்போன எதிர்காலம். அங்கே அவள் கையை விட்டுப் பிரிய, பீட்டர் மட்டும் நிகழ்காலத்துக்குத் திரும்பிவிடுகிறான். அப்புறம் வைரஸ் பரவாமல் தடுத்துவிடுகிறார்கள். அப்படியென்றால் அந்த எதிர்காலமே இல்லை. சரி, அங்கே மாட்டிக்கொண்ட கெய்ட்லின் எங்கே? சீரிஸ் முடியும்வரை பதில் இல்லை.

ரசிகர்கள் விலகத் தொடங்கியது இங்கேதான் என்பது என் கருத்து. ஒரு மோசமான எபிசோடுக்காக யாரும் சீரிஸை விட்டுப் போக மாட்டார்கள். ஆனால் கதாநாயகன் தன் காதலியை மறந்துவிட்டான், எழுதியவர்களும் மறந்துவிட்டார்கள், நாம் மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறோம் என்று ஒருமுறை தோன்றிவிட்டால், அடுத்த கதாபாத்திரத்தின் மேல் மனசு வைக்கவே தயக்கம் வந்துவிடும்.

இந்தச் சரிவுக்கு வேலைநிறுத்தம்தான் காரணம் என்று சிலர் சொல்வார்கள். 2007 நவம்பர் 5 அன்று ஹாலிவுட் எழுத்தாளர்களின் வேலைநிறுத்தம் தொடங்கியது, உண்மைதான். இணையத்தில் ஓடும் படைப்புகளுக்குப் பங்கு கேட்டார்கள், நியாயமான கோரிக்கை. 24 எபிசோடாகத் திட்டமிட்ட சீசன் 11-லேயே முடிந்தது. வைரஸ் பரவுவதாக இருந்த கதையைக் கடைசி நேரத்தில் மாற்றி, வைரஸ் இருந்த புட்டி கீழே விழாமல் பீட்டர் பிடித்துவிடுவதாக எடுத்தார்கள். கெய்ட்லின் தொலைந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் எல்லாவற்றையும் வேலைநிறுத்தத்தின் தலையில் கட்ட முடியாது. அதே நவம்பரில் சீரிஸை உருவாக்கிய டிம் கிரிங் ஒரு பேட்டியில் வெளிப்படையாகத் தவறை ஒப்புக்கொண்டார்: கதை மெதுவாகப் போகிறது, காலத்தில் பின்னோக்கிப் போன ஹிரோ பழைய ஜப்பானில் தேவைக்கு மேல் தங்கிவிட்டான், காதல் காட்சிகள் பொருந்தவில்லை என்று. அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. அதை நம்பித்தான் ஒன்பது மாதத்துக்கு மேல் காத்திருந்தேன்.

2008 செப்டம்பரில் மூன்றாவது சீசன் வந்தது. மொஹிந்தர் தனக்குத்தானே ஊசி போட்டுக்கொண்டு, தோல் செதில் செதிலாக மாறி, ஆட்களைப் பூச்சிக்கூடு மாதிரி சுவரில் ஒட்டிவைக்கிற மிருகமாகிறார். அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டுப் பழகியவர்களுக்கு அதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. சைலர் திருந்துகிறான், கெட்டவனாகிறான், மறுபடி திருந்துகிறான். ஹிரோவின் மனசு பத்து வயசுக்குப் போகிறது. யாராவது செத்தால் அழத் தோன்றவில்லை, எந்த ரத்தத்தை ஏற்றி எழுப்பப்போகிறார்கள் என்றுதான் தோன்றியது. கிளேரின் ரத்தம் செத்தவரையே எழுப்பும் என்று அவர்களே காட்டிவிட்டார்களே! அந்த நவம்பரில் இரண்டு முக்கியத் தயாரிப்பாளர்களை வெளியே அனுப்பினார்கள். முதல் சீசனின் மிகச் சிறந்த எபிசோடான 'கம்பெனி மேன்'-ஐ எழுதிய பிரையன் ஃபுல்லர் திரும்பி வந்தார், கொஞ்ச நாள் தெளிவு தெரிந்தது. அதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது.

(திரையில்: இரவு, ராட்டினத்தின் உச்சி)

நான்காவது சீசனின் கடைசிக் காட்சியை மட்டும் சொல்லிவிடுகிறேன். கிளேர் பத்திரிகையாளர்களின் கேமராக்களுக்கு முன்னால் ராட்டினத்தின் மேலிருந்து குதிக்கிறாள், எலும்பை நேராக்கிக்கொண்டு எழுந்து நின்று தன் பெயரைச் சொல்கிறாள். முதல் எபிசோடிலும் அவள் இப்படித்தான் உயரத்திலிருந்து குதித்தாள், அப்போது ஒரே ஒரு நண்பன் வீடியோ எடுத்தான். ரகசியம் உலகத்துக்கே தெரிந்துவிட்டது, இனிமேல்தான் கதை. மூன்று மாதம் கழித்து, 2010 மே மாதம், என்.பி.சி. சீரிஸை நிறுத்திவிட்டது.