உயிரி எரிபொருளுக்கு அரசின் ஆதரவு: எதை அளந்து கொடுப்பது?

நேயர்களுக்கு வணக்கம்.

செடிகொடிகளிலிருந்து கிடைக்கும் எரிபொருளைக் கொண்டு வண்டி ஓட்டுவது புதிய எண்ணம் அன்று. 1900ஆம் ஆண்டு பாரிஸ் பொருட்காட்சியில் வைக்கப்பட்டிருந்த டீசல் இயந்திரம் ஒன்று நிலக்கடலை எண்ணெயில் ஓடியது. பின்னாளில் இத்தகைய எண்ணெய்கள் ஒதுக்கப்பட்டதற்குக் காரணம், பெட்ரோலியம் அவற்றைவிட மலிவாகக் கிடைத்ததுதான். பெட்ரோலியம் காற்றில் ஏற்றும் கரியமில வாயுவின் செலவு அதன் விலையில் முழுமையாகச் சேர்க்கப்படாதவரை, உயிரி எரிபொருள் தானாக அதனோடு போட்டியிட முடியாது. ஆகவே அரசின் ஆதரவு தேவை என்பதில் எனக்கு ஐயம் இல்லை. எதை அளந்து அந்த ஆதரவைக் கொடுப்பது என்பதே என் கேள்வி.

பிரேசிலின் அனுபவத்திலிருந்து தொடங்குகிறேன். 1973இல் எண்ணெய் விலை திடீரென உயர்ந்ததில் பெரிதும் அடிபட்ட அந்நாடு, 1975இல் கரும்பிலிருந்து எத்தனால் என்ற எரிசாராயம் தயாரிக்கும் தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. வடிசாலைகளுக்குக் குறைந்த வட்டியில் கடன் கொடுத்தார்கள். உற்பத்தியாகும் எத்தனாலை வாங்கிக்கொள்ள உத்தரவாதம் அளித்தார்கள். பெட்ரோலைவிட அதன் விலை குறைவாக இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். விளைவாக, 1980களின் நடுவில் அங்கே விற்ற புதிய கார்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் எத்தனாலில் மட்டுமே ஓடுபவையாக இருந்தன. ஆனால் அதே காலத்தில் கச்சா எண்ணெய் விலை சரிந்தது, பின்பு சர்க்கரை விலை ஏறியது, ஆலைகள் சர்க்கரையின் பக்கம் சாய்ந்தன. 1989இல் தொடங்கிய தட்டுப்பாட்டில் எத்தனால் கார் வாங்கியவர்கள் தவித்துப்போனார்கள். அரசை நம்பிக் கார் வாங்கிய குடும்பங்களுக்கு அது பெரும் அடி. மக்களின் நம்பிக்கை மீள்வதற்கு, இரண்டு எரிபொருளிலும் எந்த விகிதத்திலும் ஓடும் கார்கள் 2003இல் வரவேண்டியிருந்தது. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல் பெட்ரோலில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். எனவே இப்போது அங்குள்ளவர்கள் இரண்டின் விலையையும் ஒப்பிட்டுப் பார்த்து, எது கட்டுப்படியாகுமோ அதை நிரப்பிக்கொள்கிறார்கள்.

அமெரிக்கா, வண்டி எரிபொருளில் கலக்கவேண்டிய உயிரி எரிபொருளின் அளவைச் சட்டத்தில் எழுதியது. 2007இல் இயற்றிய சட்டம், 2022க்குள் ஆண்டுக்கு 3,600 கோடி காலன் (ஒரு காலன் ஏறத்தாழ 3.8 லிட்டர்) உயிரி எரிபொருள் வேண்டும் என்றது. அதில் 1,600 கோடி காலன் வைக்கோல், தட்டை, புல் போன்ற நார்ப்பொருள்களிலிருந்து வரவேண்டும் என்றது. மக்காச்சோள எத்தனால் தன் பங்கை ஏறக்குறைய எட்டிவிட்டது. நார்ப்பொருள் எத்தனாலோ இலக்கின் அருகில்கூட வரவில்லை. தாவரச் செல்லின் சுவரில், எத்தனாலாக மாற்றவேண்டிய செல்லுலோஸ் என்ற நார்ப்பொருள், லிக்னின் என்ற கெட்டியான பொருளோடு இறுகப் பிணைந்திருக்கிறது; அதைப் பிரிக்க வெப்பமும் வேதிப்பொருளும் நொதிகளும் வேண்டும். வயலிலிருந்து கட்டிவரும் தட்டையோடு மண்ணும் கல்லும் சேர்ந்து வந்து இயந்திரங்களைப் பழுதாக்கும். இந்தச் சிக்கல்கள் ஆணையால் தீர்வதில்லை. ஆய்வுக்கு நிதி, முதன்முதலாகக் கட்டப்படும் பெரிய ஆலைகளின் கடனுக்கு உத்தரவாதம், பல ஆண்டுகள் மாறாத கொள்கை ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் முதலீடு செய்பவர் துணிவார். அதே நாட்டில், ஏற்கெனவே சட்டப்படி கலந்தாக வேண்டிய எத்தனாலுக்குக் காலனுக்கு 45 சென்ட் வரிச்சலுகையும் 2011 இறுதிவரை கொடுக்கப்பட்டது. அது நின்ற பிறகும் மக்காச்சோள எத்தனால் தொழில் படுத்துவிடவில்லை. தேவையில்லாத இடத்தில் போன அந்தப் பணம், நார்ப்பொருள் ஆய்வுக்குப் போயிருக்கலாமே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

ஐரோப்பிய ஒன்றியத்தின் பாடம் இன்னும் கசப்பானது. 2020க்குள் போக்குவரத்து ஆற்றலில் 10 சதவீதம் புதுப்பிக்கத்தக்கதாக இருக்கவேண்டும் என்று 2009இல் முடிவெடுத்தார்கள். பயோடீசலுக்கான தாவர எண்ணெயின் தேவை கூடியது. காடழித்தும் கரிமண் சதுப்புகளை வடித்தும் போட்ட பாமாயில் தோட்டம், பெட்ரோலிய டீசலைவிட அதிகக் கரியமில வாயுவை வெளியிடக்கூடும். இதை உணர்ந்து, உணவுப் பயிர்களிலிருந்து வரும் எரிபொருளுக்கு 2015இல் 7 சதவீத உச்சவரம்பு வைத்தார்கள்.

ஆகவே லிட்டரை அளந்து மானியம் கொடுப்பதை விட்டு, வயல் முதல் சக்கரம் வரை குறையும் கரியமில அளவை அளந்து கொடுக்கவேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. கலிபோர்னியா 2011 முதலும், பிரேசில் 2017இல் இயற்றிய சட்டத்தின் வழியும் இப்படித்தான் செய்கின்றன. உரமிட்ட நிலத்திலிருந்து எழும் நைட்ரஸ் ஆக்சைடு, கரியமில வாயுவைப்போல ஏறத்தாழ 270 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். அதுவும் கணக்கில் ஏறும். கரும்புச் சக்கையை எரித்துத் தன் கொதிகலனை ஓட்டும் ஆலைக்கு நல்ல மதிப்பெண் கிடைக்கும். நிலக்கரி எரிக்கும் வடிசாலைக்குக் குறையும். எரிபொருள் பயிருக்கு நிலம் போவதால் வேறிடத்தில் காடு வயலாவது போன்ற நிலப்பயன்பாட்டு மாற்றத்தைக் கணக்கிடுவதில் அறிஞர்களிடையே இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனாலும் தோராயமாக அளப்பது, அளக்காமலே கொடுப்பதைவிட மேல்.

கார்களுக்கு மின்கலம் என்ற மாற்று வந்துவிட்டது. நெடுந்தொலைவு பறக்கும் விமானத்துக்கு மின்கலத்தின் எடை தாங்காது. அதனால் ஐரோப்பிய ஒன்றியம் விமான எரிபொருளில், கரியமில வாயுவைக் குறைவாக ஏற்றும் நிலைத்தகு எரிபொருளின் பங்கை 2025இல் 2 சதவீதத்தில் தொடங்கி, 2030இல் 6 சதவீதமாகவும் 2050இல் 70 சதவீதமாகவும் உயர்த்தச் சட்டம் செய்திருக்கிறது. பயன்படுத்திய சமையல் எண்ணெய் அதற்கு ஏற்ற மூலப்பொருள்தான். ஆனால் உலகில் கிடைக்கும் அளவு மிகக் குறைவு. எத்தனாலை விமான எரிபொருளாக மாற்றும் முறையும் வந்திருக்கிறது. ஆகவே புதிய வடிசாலைகளுக்கு இன்று கடன் கொடுக்கும் அரசுகள், கார்களின் தேவை குறையும் நாளில் அந்த எத்தனால் விமானங்களுக்குப் போகும் வழியையும் இப்போதே கடன் நிபந்தனைகளில் எழுதிவைக்கலாம்.