எட்டாம் மாதத்தில் ஸ்டீயரிங் முன்னால்

வணக்கம் நேயர்களே. மாசமா இருக்கும் பெண் கார் ஓட்டலாமா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும், அந்தப் பஞ்சாயத்துக்குள் நான் இன்று போகப்போவதில்லை. அவர் எப்படியும் ஓட்டத்தான் போகிறார். வேலைக்குப் போக வேண்டும், மூத்த பிள்ளையைப் பள்ளியில் விட வேண்டும், மாதாந்திரப் பரிசோதனைக்குக்கூட பல பேர் தாங்களே ஓட்டிக்கொண்டுதான் போகிறார்கள். என் கேள்வி, அந்தக் காரை வரைந்தவர்கள் அவரைக் கொஞ்சமாவது நினைத்துப் பார்த்தார்களா என்பதுதான்.

உயரம் குறைந்த ஒரு பெண் எட்டாம் மாதத்தில் ஓட்டுநர் சீட்டில் உட்காருகிறார் என்று வையுங்கள். சீட்டை முன்னால் இழுத்தால் வயிறு ஸ்டீயரிங்கின் அடிவளையத்தைத் தொடுகிறது, பின்னால் தள்ளினால் கால் பெடலுக்கு எட்டவில்லை, கிளட்சை முழுசாக மிதிக்க இடுப்பையே நகர்த்த வேண்டியிருக்கிறது. ஏர்பேக் கண்ணிமைக்கும் நேரத்தில் வெடித்து விரிவது அந்த ஸ்டீயரிங்கின் நடுவிலிருந்துதான். நெஞ்செலும்புக்கும் அதற்கும் நடுவே 25 சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும் என்பார்கள். சரி, வயிறு அதற்கும் முன்னால் நிற்கிறதே, அதற்கு என்ன செய்வது? (இதைக் கேட்டுவிட்டு யாரும் ஏர்பேக்கை அணைத்துவிடாதீர்கள், பெல்ட்டும் ஏர்பேக்கும் சேர்ந்துதான் தாயைக் காப்பாற்றுகின்றன.)

அப்புறம் பெல்ட். 1959-இல் வால்வோ கார் நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின் கொண்டுவந்த மூன்று முனை பெல்ட்தான் இன்றைக்கும் நாம் போடுவது. அதன் கீழ்ப்பட்டை வயிற்றுக்கு அடியில், இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும், மேல்பட்டை மார்புகளுக்கு நடுவே போய் வயிற்றின் பக்கவாட்டில் இறங்க வேண்டும். முதுகுவலி தாங்காமல் கொஞ்சம் சரிந்து உட்கார்ந்தாலே போதும், கீழ்ப்பட்டை நைசாக வயிற்றின் மேல் ஏறிவிடும். இது ஏன் ஆபத்து என்றால், கருப்பையின் சுவர் இழுத்தால் இழுபடும், அதில் ஒட்டியிருக்கும் நஞ்சுக்கொடி (பிளசன்டா) அவ்வளவாக இழுபடாது. வண்டி திடீரென்று மோதி நிற்கும்போது இரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்துவிடலாம். தாய்க்கு ஒரு கீறல்கூட இல்லாமல் குழந்தை போய்விடுவது இப்படித்தான், அதனால்தான் லேசான மோதல் என்றாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்கிறார்கள். பெல்ட் அழுத்துகிறதே என்று பயந்து போடாமல் விடுவது இதைவிட மோசம், வயிறு நேரே ஸ்டீயரிங்கில் போய் மோதும்.

மோதல் சோதனையில் உட்காரவைக்கும் பொம்மைகளில் ரொம்பக் காலம் ஆட்சி செய்தது 1976-இல் வந்த ஹைப்ரிட் 3. சுமார் 175 சென்டிமீட்டர் உயரம், 78 கிலோ எடை, ஆண். பெண் என்று பிறகு சேர்த்தது சுமார் 150 சென்டிமீட்டர் உயரமே உள்ள ஒரு சின்ன உருவம், அந்த உருவத்துக்குக் கர்ப்பம் கிடையாது. ஆராய்ச்சியாளர்கள் சும்மா இருக்கவில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கர்ப்பிணிப் பொம்மையே செய்தார்கள். வால்வோவில் லாரா தாக்ரே 2002 வாக்கில் 36 வாரக் கர்ப்பிணி ஒருவரைக் கணினியிலேயே உருவாக்கினார், லிண்டா என்று பேரும் வைத்தார்கள். இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் செர்பில் அகார் குழு வயிற்றுக்குள் சிசுவையும் வைத்து ஒரு மாதிரி செய்தது. ஆக, கருவி கையில் வந்து இருபது வருஷம் தாண்டிவிட்டது. ஆனாலும் கர்ப்பிணியை வைத்துச் சோதித்தால்தான் கார் விற்கலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை, சொல்லாதவரை எந்த நிறுவனம் தானாக முன்வந்து செலவழிக்கும்?

இந்த இடைவெளியில்தான், பெல்ட்டைக் கீழே இழுத்துத் தொடைகளுக்கு நடுவே மாட்டும் கொக்கிகளை விற்கிறார்கள். எனக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை. இடுப்பெலும்பு தாங்க வேண்டிய விசையைத் தொடையில் கொண்டுபோய் விட்டால் விபத்தில் என்ன ஆகும்? காரிலேயே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. பட்டன் அழுத்தினால் பெடலே ஓட்டுபவர் பக்கம் நகர்ந்து வரும் வசதி சில கார்களில் வந்திருக்கிறது, சீட்டைப் பின்னால் தள்ளிவிட்டுப் பெடலை அருகே கொண்டுவந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். பெல்ட்டின் கீழ்முனை இன்னும் செங்குத்தாக இறங்கினால் பட்டை எளிதில் மேலே ஏறாது. தொந்தி வைத்த ஆண்களுக்கும் இதெல்லாம் உதவும், அவர்கள் கேட்டிருந்தால் எப்போதோ செய்திருப்பார்களோ என்னவோ.

அதுவரை, கார் வாங்கப் போகிறவர்கள் ஸ்டீயரிங் மேலும் கீழும் மட்டும் நகருமா, முன்னும் பின்னும் நகருமா என்று கேட்டுவிட்டு, நீங்களே உட்கார்ந்து இழுத்துப் பாருங்கள். விலை குறைந்த மாடல்களில் பெரும்பாலும் இல்லாமல் போவது அந்த இரண்டாவது வசதிதான்.