தேன் வீட்டில் எட்டு சீனி மூட்டை

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். தேனீ வளர்க்கும் ஒரு குடும்பத்தோடு தங்கி இன்டர்ன்ஷிப் செய்ததைப் பற்றிப் பேச முடியுமா என்று நிலையத்திலிருந்து கேட்டார்கள். யோசிக்காமல் சரி என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது, அந்த வீட்டில் இருந்த ஆறு மாதத்தில் நான் ஒரு சொட்டுத் தேன்கூட எடுக்கவில்லை. ஜூன் கடைசியில் போனேன், டிசம்பரில் கிளம்பிவிட்டேன். அந்த வீடு இருக்கும் கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம் பக்கம் தேன் எடுப்பது மாசி, பங்குனியில். ஆக நான் பார்த்ததெல்லாம் தேன் இல்லாத காலத்துத் தேன் தொழில். அதைத்தான் சொல்லப்போகிறேன், தேன் சொட்டும் கதைக்காகக் காத்திருப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் ஊர் விருதுநகர் பக்கம். உணவுத் தொழில்நுட்பம் படித்தேன். படிப்பு முடிந்து வேலை அமையாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது எங்கள் பேராசிரியர் ஒருவர் தனக்குத் தெரிந்த குடும்பம் இது என்று சொல்லி அனுப்பிவைத்தார். சம்பளம் கிடையாது, சாப்பாடும் தங்க ஒரு அறையும் உண்டு. நான் போய் இறங்கிய அன்று அடித்த மழையை எங்கள் ஊரில் ஒரு வருஷத்துக்கும் சேர்த்துப் பார்த்ததில்லை. குடையை மடக்கிக்கொண்டு திண்ணையில் ஏறினால், சுவரோரம் தார்ப்பாய் போட்டு எதையோ மூடிவைத்திருக்கிறார்கள். ஒரு முனை காற்றில் தூக்கியது. உள்ளே சீனி மூட்டை. ஐம்பது கிலோ மூட்டை, எண்ணிப் பார்த்தேன், எட்டு.

தேன் விற்கிற வீட்டில் எட்டு மூட்டை சீனி எதற்கு? அன்று இரவே அம்மாவுக்குப் போன் போட்டு, "மாட்டிக்கிட்டேன்மா, இது கலப்படக் கம்பெனி போலிருக்கு" என்று சொன்னேன். அம்மா, "ரெண்டு நாள் பாரு, பிடிக்கலைன்னா பஸ் ஏறிடு" என்றாள்.

அந்த வீட்டில் தாத்தா, பாட்டி, அவர்கள் மகன், மருமகள், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். மகனை அண்ணன் என்றும் மருமகளை அக்கா என்றும் கூப்பிட்டேன். ஏறக்குறைய 300 பெட்டி வைத்திருந்தார்கள், கொஞ்சம் வீட்டைச் சுற்றி, மீதி அங்கங்கே மற்றவர்களின் ரப்பர் தோட்டங்களில். பெட்டி அண்ணனின் பொறுப்பு, விற்பனையும் கணக்கும் அக்காவுடையது, தாத்தா எல்லாவற்றுக்கும் மேலே. கணக்கு நோட்டு ஒன்றே ஒன்றுதான். பிள்ளைகளின் ஸ்கூல் பீஸ், பாட்டில் மூடி வாங்கியது, மீன், ஆட்டோ வாடகை எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கும். முதல் வாரம் அதைப் பிரித்து எக்செலில் போட்டுத் தருகிறேன் என்று ஆரம்பித்தேன். மூன்றாவது நாள், "வீடு எது, தொழில் எது" என்று நானே அக்காவிடம் கேட்க வேண்டியதாயிற்று. "அது தெரிஞ்சா நான் ஏன் ஒரே நோட்டுல எழுதுறேன்" என்றாள் அக்கா.

சீனிக்கு வருகிறேன். அந்தப் பகுதித் தேனில் பெரும்பங்கு ரப்பர் மரத்திலிருந்து வருகிறது, அதுவும் பூவிலிருந்து இல்லை. இது எனக்கே புதிதாக இருந்தது. ரப்பர் இலை மூன்று மூன்றாக இருக்கும், அந்த மூன்றும் காம்பில் சேருகிற இடத்தில் சின்னச் சின்னச் சுரப்பிகள் உண்டு. மார்கழியில் இலை உதிரும். தையில் தளிர் விடும், முதலில் செம்பு நிறத்தில், பிறகு இளம்பச்சையாக. அந்த இளம்பச்சைப் பருவத்தில்தான் சுரப்பியில் மதுரம் கசியும், தேனீ அதைத்தான் உறிஞ்சிக்கொண்டு வருகிறது. இலை முற்றினால் சுரப்பு நின்றுவிடும். அதாவது இரண்டு, மூன்று மாதம் வரவு, அப்புறம் ஜூனில் மழை. தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு அந்த ஊருக்கு. மழையில் ரப்பர் பால் வெட்டு தடைப்படும், தேனீயும் வெளியே போக முடியாது. போனாலும் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

காட்டில் இருக்கும் இந்தியத் தேனீ பசி வந்தால் கூட்டை விட்டுவிட்டு வேறு இடம் பார்த்துக் கிளம்பிவிடும். பெட்டியில் இருப்பதும் அதே தேனீதான், அதே குணம்தான். அது சேர்த்துவைத்ததை நாம் வெயில்காலத்தில் எடுத்து விற்றுவிட்டோம், ஒரே இடத்தில் ஐம்பது பெட்டியை வரிசையாக வைத்து அக்கம்பக்கத்துப் பூவுக்கும் போட்டி உண்டாக்கிவிட்டோம். அதனால் மழைக்காலத்தில் சீனியைத் தண்ணீரில் சரிக்குச் சரி கரைத்து ஊட்டுகிறார்கள். பெட்டிக்கு வாரம் 200 கிராம் சீனி என்பது பொதுவான கணக்கு. 300 பெட்டிக்கு வாரம் 60 கிலோ. மழை முடியும் வரை கூட்டிப் பார்த்தால் ஒரு டன்னைத் தாண்டுகிறது. நோட்டில் ஸ்கூல் பீஸுக்கு அடுத்தபடியாக உறுத்தும் செலவு அதுதான்.

இது கலப்படமா? இந்த இடத்தில் எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. பெட்டியில் கீழே ஒரு அறை, மேலே ஒரு அறை. கீழ் அறையில் ராணி முட்டையிட்டுக் குஞ்சு வளர்கிறது. தேன் எடுப்பது மேல் அறையில் மட்டும். சீனிப்பாகு வைக்கிற மாதங்களில் மேல் அறையே பெட்டியில் இருக்காது, கழற்றிக் கழுவிக் காயவைத்துக் கொட்டகையில் அடுக்கியிருப்பார்கள். பாகு கீழே போகிறது, தேனீயே தின்று தீர்க்கிறது. தளிர் செம்பாக இருக்கும்போதே பாகை நிறுத்திவிட வேண்டும், சுரப்பு தொடங்கிய பிறகுதான் மேல் அறையை ஏற்ற வேண்டும். நிறுத்தாமல் ஊட்டிக்கொண்டே இருந்தால் அந்தப் பாகு மேலே ஏறும், அதைப் பிழிந்து விற்றால் அது கலப்படம்தான், தேனீ கையால் செய்த கலப்படம். ஒரே சீனி, ஒரே பெட்டி. நிறுத்துகிற வாரத்தில் இருக்கிறது நேர்மை. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

பாகு ஊட்டுவது சாயங்காலத்தில். பெட்டியைத் திறந்து, தேனீ அடை கட்டும் மரச்சட்டங்களுக்குப் பக்கத்தில் ஒரு சிரட்டையை வைத்து, பாகை ஊற்றி, அதில் நாலு ஈர்க்குச்சியை ஒடித்துப் போட வேண்டும். குச்சி இல்லாவிட்டால் தேனீ விழுந்து செத்துப்போகும். குச்சியில் உட்கார்ந்து வரிசையாகத் தலையைக் குனிந்து குடிக்கும்போது பின்பக்கம் மட்டும் மெல்ல மெல்ல அசையும், ஆட்டுக்குட்டி பால் குடிக்கிற மாதிரி. காலையில் சிரட்டை துடைத்துவைத்ததுபோல் காய்ந்திருக்கும்.

ஏன் சாயங்காலம் என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆவணி மாதம் ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு மழை விட்டு வெயில் அடித்தது, அண்ணன் வெளியே போயிருந்தார், நாமே முடித்துவிடலாம் என்று வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். மூன்றாவது பெட்டியிடம் கால் வழுக்கியதில் அரை லிட்டர் பாகு பெட்டி மேலும் தரையிலும் சிந்தியது. துடைத்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனேன். அரை மணி நேரத்தில் அந்தப் பக்கமிருந்து வேறு மாதிரி ஒரு இரைச்சல். மற்ற பெட்டித் தேனீக்கள் வாசனை பிடித்து வந்துவிட்டன. தரையில் இருந்ததைத் தீர்த்துவிட்டுப் பெட்டிக்குள்ளேயே நுழைகின்றன. வாசலில் ஒன்றை ஒன்று கட்டிப்பிடித்து உருள்கின்றன. பலகை முழுக்கச் செத்த தேனீ. தாத்தா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்து, ஈரச்சாக்கைப் பெட்டி மேல் போட்டு, வாசலில் புல்லைத் திணித்து ஒரு தேனீ நுழையும் அளவுக்கு மட்டும் இடம் விட்டார். எனக்கு நெற்றியில் இரண்டு கொட்டு, காதில் ஒன்று. கொடுக்கை எப்படி எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோம் என்பதுதான் முக்கியம். பாட்டிதான் சுரண்டி எடுத்தாள்.

மறுநாள் காலை அந்தப் பெட்டி காலி. மிச்சமிருந்த கூட்டம் ராணியோடு போய்விட்டது. தாத்தா என்னைத் திட்டவில்லை. நோட்டில் அன்றைய தேதியில், கத்தரிக்காய் வாங்கியதற்குக் கீழே, "பெட்டி 1 போச்சு" என்று எழுதினார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் இதைவிடப் பெரியதைப் பார்த்தவர். அந்தப் பக்கத்தில் பெட்டி வைத்துத் தேனீ வளர்ப்பது ஏறக்குறைய நூறு வருஷப் பழக்கம். 1920களில் மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ. மையத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் இதைக் கிராமங்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அப்படிக் கற்றுக்கொண்டவர்களில் தாத்தாவின் தகப்பனாரும் ஒருவராம். பிறகு 1991, 92இல் தாய்லாந்தின் பெயர் கொண்ட 'தாய் சேக்புரூட்' என்கிற வைரஸ் நோய் வந்தது. புழு கூட்டுக்குள்ளேயே தண்ணீர் நிறைந்த பை மாதிரி ஆகிச் செத்துவிடும். தென்னிந்தியா முழுக்கக் கூட்டங்கள் அழிந்தன. தாத்தாவுக்கு இருந்ததில் பதினொரு பெட்டி தப்பியது. "அந்தப் பதினொண்ணுதான் மக்களே இப்ப நிக்கியது" என்று 300 பெட்டியைக் காட்டினார். மழை குறைந்த பிறகு, கார்த்திகை வாக்கில், பலமான பெட்டியிலிருந்து நாலைந்து சட்டத்தைப் பிரித்துப் புதுப் பெட்டியில் வைப்பார்கள், அடை அடியில் நிலக்கடலை மாதிரி தொங்கும் ராணி அறையோடு. அப்படித்தான் பதினொன்று 300 ஆனது. அவர் வீட்டில் ஒரு கூட்டம் போவது என்றால் என்ன என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது, சொல்லப்போனால் கொஞ்சம் தாமதமாகவே.

எனக்குக் கொடுத்த இன்னொரு வேலை போன் எடுப்பது. சென்ற பருவத்துத் தேனை வாங்கியவர்கள் கூப்பிடுவார்கள், பாதிப் பேருக்கு ஒரே புகார்: பாட்டில் அடியில் சீனி நிற்கிறது. ரப்பர் தேன் சீக்கிரம் உறையும், அதில் குளுக்கோஸ் அப்படி. பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தால் இளகிவிடும். இதை ஒரு நாளைக்குப் பத்து முறை சொல்வேன். தண்ணீரில் விட்டால் கரையக் கூடாது, எறும்பு வரக் கூடாது, தீக்குச்சியில் தொட்டால் எரிய வேண்டும் என்று அவர்கள் பதிலுக்கு எனக்குப் பாடம் எடுப்பார்கள். இவை எதுவும் பரிசோதனை இல்லை. கெட்டியான சீனிப்பாகும் தண்ணீரில் அப்படியே அடியில் போய் நிற்கும், நல்ல தேனுக்கும் எறும்பு வரும். ஆய்வகத்தில் வேறு வழி இருக்கிறது: கரும்பும் மக்காச்சோளமும் காற்றிலிருந்து கார்பனை எடுத்துக்கொள்ளும் விதம் வேறு, ரப்பரும் தென்னையும் எடுக்கும் விதம் வேறு, அந்த அடையாளம் இனிப்பிலேயே பதிந்திருக்கும். கரும்புச் சீனி கலந்தால் அதில் மாட்டிக்கொள்ளும். அரிசிப்பாகு அதில் மாட்டாது, அதற்குத் தனிச் சோதனை வேண்டும். இதைப் போனில் ஒரு பாட்டிக்குச் சொல்லிப் புரியவைக்க முயன்று, அவர் கடைசியில், "நீ நல்லாப் பேசுறே கண்ணு, ஆனா காசைத் திருப்பிக் குடுத்துரு" என்றார்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. மழையில் சீனி ஊட்டுகிறோம், இந்த மாதத்தில் நிறுத்துகிறோம், மேல் அறையில் மட்டும் எடுக்கிறோம் என்று ஒரு சீட்டு அடித்துப் பாட்டிலோடு வைப்போம். அக்கா உடனே சரி என்றாள். அண்ணன் தாத்தாவைப் பார்த்தார். தாத்தா வேண்டாம் என்றார். சீனி என்ற வார்த்தையைத் தேன் பாட்டில் பக்கத்தில் யாராவது எழுதுவார்களா, மேலே படிக்கவே மாட்டான், வைத்துவிட்டுப் போய்விடுவான் என்றார். ராத்திரி மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும் ஆறிப்போகிற வரை அந்தப் பேச்சு ஓடியது. நான் ஆறு மாதம் தங்கவந்த பிள்ளை, எனக்கு அதில் அவ்வளவு பேசும் உரிமை இருந்ததா என்று இப்போது யோசிக்கிறேன். ஆனால் தார்ப்பாய் போட்டு மூடுவதால்தானே நானே முதல் நாள் சந்தேகப்பட்டேன், அதையும் சொன்னேன். தாத்தா பாட்டியைப் பார்த்து, "கேட்டியா" என்றார். அவ்வளவுதான்.

கடைசியில் இருநூறு சீட்டு அடித்தோம், எழுதியது நான், திருத்தியது தாத்தா. ஒரு கடைக்காரர் இருபது பாட்டிலைத் திருப்பி அனுப்பிவிட்டார். நாலைந்து பேர் போனில் நல்லதாகப் பேசினார்கள். விற்பனை கூடியது என்றெல்லாம் சொல்ல மாட்டேன், நோட்டைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. புகார் போன்கள் குறைந்தன, அதை நான்தான் எடுத்தேன் என்பதால் உறுதியாகச் சொல்வேன்.

டிசம்பரில் ஊருக்கு வந்துவிட்டேன். மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு, அதாவது இந்த ஊர்ப் பொருள் என்று அரசு தரும் அடையாளம், கிடைத்தது 2023இல், நான் போனது அதற்கு அடுத்த வருஷம். குறியீடு வந்தும் இது கலப்படமா என்ற கேள்வி தீரவில்லை பாருங்கள். மறு பிப்ரவரி கடைசியில் அக்கா போனில், "தேன் எடுக்கோம், வாறியா" என்றாள், ராத்திரி பஸ் பிடித்தேன். காலையில் தோட்டத்துக்குப் போனபோது மரமெல்லாம் இளம்பச்சை. அண்ணன் மேல் அறையிலிருந்து சட்டத்தைத் தூக்கி, தேனீயைத் தட்டி இறக்கி, மெழுகு மூடியைக் கத்தியால் சீவினார். நாலு சட்டம் பிடிக்கிற டிரம்மில் வைத்துக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். முதலில் எதுவும் கேட்காது, அப்புறம் தகரத்தில் தூறல் விழுகிற மாதிரி ஒரு சத்தம். குழாயைத் திறந்தபோது வந்த தேன் நான் நினைத்ததைவிட வெளிறி, தண்ணீராக இருந்தது, இதைச் சூடாக்கி ஈரத்தை 20 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும். தாத்தா விரலால் தொட்டு என் உள்ளங்கையில் வைத்தார். தொண்டையில் லேசாகக் கரகரத்தது. பத்து நாள் கழித்து அதே பெட்டிகளில் மறுபடி எடுக்கலாம் என்றார்.

திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்தேன். சுவரோரம் அதே தார்ப்பாய், உள்ளே மிச்சம் இரண்டு மூட்டை. நான் பார்ப்பதைத் தாத்தா பார்த்துவிட்டார்.

"எறும்புக்கு மூடினது" என்றார்.