பக்கத்தில் படுப்பவரைக் கேளுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். தூக்கத்தைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள், அதுவும் இரவு 9 மணிக்கு மேல். கேட்கும்போதே யாருக்காவது கண் சொக்கினால் கோபித்துக்கொள்ள மாட்டேன். வண்டி ஓட்டிக்கொண்டு கேட்பவர்கள் மட்டும் தயவுசெய்து விழித்திருங்கள்.

நான் தூக்கத்துக்கென்று தனியாகப் படித்த நிபுணர் இல்லை. மலேசியாவில், பினாங்கின் பிறைப் பக்கம் சின்ன கிளினிக் வைத்திருக்கிறேன். காய்ச்சல், சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று வருகிறவர்களைப் பார்க்கும் சாதாரண டாக்டர். அந்த நாற்காலியில் இத்தனை வருஷம் உட்கார்ந்ததில் ஒன்று தெரிந்துகொண்டேன். தூங்குகிறவருக்குத் தன் தூக்கத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. பக்கத்தில் படுக்கிறவருக்குத்தான் தெரியும்.

என் அப்பா லோரி ஓட்டியவர். பட்டர்வொர்த்திலிருந்து ஈப்போ, கோலாலம்பூர் என்று சரக்கு ஏற்றிப் போவார். வீட்டுக்கு வந்து படுத்தாரென்றால் குறட்டை மூன்று வீடு தாண்டிக் கேட்கும். "அலுப்புல மனுஷன் அசந்து தூங்குறாரு, சத்தம் போடாதீங்க" என்று அம்மா எங்களை அடக்குவார். நடுவில் குறட்டை சட்டென்று நின்றுவிடும். நானும் தம்பியும் விரல் விட்டு எண்ணுவோம். பத்து, பதினைந்து, சில சமயம் இருபது. அப்புறம் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தவர் தலை தூக்கியதுபோல ஒரு பெரிய மூச்சு, ஓர் உறுமல், மறுபடி குறட்டை. எங்களுக்கு அது விளையாட்டு. நாங்கள் எண்ணியது அப்பாவின் மூச்சு நின்றிருந்த நொடிகளை. மருத்துவம் படித்து முடித்த பிறகும் அது எனக்கு உடனே உறைக்கவில்லை. அவருக்கு ரத்த அழுத்தத்துக்கு மூன்று வகை மாத்திரை ஓடிக்கொண்டிருந்தது. அவர் போய்வந்த கிளினிக்கில் மாத்திரையைக் கூட்டினார்களே தவிர, இரவில் எப்படித் தூங்குகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. வீட்டிலிருந்த டாக்டரும் கேட்கவில்லை.

இதைத் தூக்க மூச்சுத்தடை என்று சொல்லலாம். டாக்டர்கள் ஸ்லீப் ஆப்னியா என்பார்கள். தூங்கும்போது தசையெல்லாம் தளர்கிறது, தொண்டைத் தசையும்தான். சிலருக்கு அந்த வழி ஏற்கெனவே குறுகல். கழுத்தில் சதை இருக்கலாம், தாடை உள்ளே தள்ளியிருக்கலாம். வழி சுருங்கும்போது உரசிக்கொண்டு போகும் காற்றின் சத்தம்தான் குறட்டை. முழுதாக அடைத்துக்கொண்டால் மூச்சு நிற்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கியதும் மூளை பதறி அவரை ஒரு கணம் எழுப்பிவிடும். அப்படி எழுந்தது காலையில் ஞாபகம் இருக்காது. மூச்சு 10 நொடியாவது தடைப்பட்டால் அதை ஒருமுறை என்று கணக்கு வைக்கிறோம். பெரியவர்களுக்கு மணிக்கு 5 முறைக்குள் இருந்தால் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 15 வரை லேசானது, 30க்கு மேல் போனால் கடுமையானது. மணிக்கு 30 முறை என்றால் இரண்டு நிமிஷத்துக்கு ஒருதடவை! இரவு முழுக்க இப்படித் தட்டி எழுப்பினால், எட்டு மணி நேரம் படுத்தாலும் காலையில் அடித்துப்போட்ட மாதிரிதானே இருக்கும்?

காலையில் தலைவலி, வாய் வறட்சி, இரவில் மூன்று நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுவது, எத்தனை மாத்திரை போட்டும் இறங்காத ரத்த அழுத்தம், சிவப்பு விளக்கில் நிற்கும் நேரத்தில் கண் அசருவது, இதெல்லாம் சேர்ந்து வந்தால் சந்தேகப்படுங்கள். குண்டானவர்களுக்கு மட்டும்தான் வரும் என்று நினைக்காதீர்கள். நம் ஆசியத் தாடை அமைப்புக்கு மெலிந்தவர்களுக்கும் வரும். பெண்களுக்கு, குறிப்பாக மாதவிடாய் நின்ற பிறகு, குறட்டை அவ்வளவு இல்லாமல் களைப்பாகவும் தூக்கமின்மையாகவும் தலைகாட்டும். அப்போது மனக்கவலை என்று சொல்லி மாத்திரை எழுதிவிடுகிறோம். நானும் எழுதியிருக்கிறேன். பிள்ளைகள் தினமும் குறட்டை விட்டால் அது அழகு இல்லை. பெரும்பாலும் தொண்டையிலும் மூக்குக்குப் பின்னாலும் இருக்கும் சதைகளான டான்சில், அடினாய்டு வீக்கம்தான் காரணம். பெரியவர்கள் தூங்கி வழிவார்கள், பிள்ளைகளோ தலைகீழ், பகலில் ஓயாமல் துள்ளுவார்கள்.

கடைசியில் அப்பாவுக்கு இரவு முழுவதும் ஒயர் மாட்டிச் சோதனை செய்தார்கள். இப்போது பலருக்கு வீட்டிலேயே சின்னக் கருவியை வைத்துப் பார்க்க முடிகிறது. பிறகு சீபேப் மெஷின் கொடுத்தார்கள். மூக்கில் மாஸ்க் மாட்டிக்கொண்டால் காற்றழுத்தம் தொண்டையை மூடவிடாமல் தாங்கிப் பிடிக்கும். சிட்னியில் காலின் சலிவன் என்ற டாக்டர் 1981இல் உலகுக்குச் சொன்ன வழி இது. வேக்கம் கிளீனர் மோட்டாரை வைத்து ஆரம்பித்தாராம்! விலை சில ஆயிரம் வெள்ளி, அதாவது ரிங்கிட் ஆகும், அதை மறைக்கப் போவதில்லை. லேசான தடைக்கு எடை குறைப்பது, ஒருக்களித்துப் படுப்பது, பல் டாக்டர் செய்து தரும் தாடைக்கருவி இவை போதலாம். அப்பா முதல் வாரம் மாஸ்க்கைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டார். அம்மாவுக்கு வேறு தொல்லை. சத்தமே இல்லாததால் பயந்து, நடுச்சாமத்தில் அவர் நெஞ்சில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். மூன்று மாதத்தில் ஒரு மாத்திரை குறைந்தது. எல்லோருக்கும் அப்படிக் குறையும் என்று நான் சொல்லவில்லை.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, தூக்கமே வராதவர்கள். வாரத்தில் மூன்று இரவாவது, மூன்று மாதமாக இப்படி என்றால் அது நாள்பட்ட தூக்கமின்மை. என்னிடம் ஒரு பெரியவர் வந்தார். "பொட்டுத் தூக்கம் இல்லைம்மா, மாத்திரை குடுங்க" என்றார். விசாரித்தால், எட்டரைக்குப் படுக்கிறார், இரண்டு மணிக்கு விழிப்பு, விடிய விடியப் புரள்கிறார், பகலில் இரண்டு மணி நேரம் குட்டித் தூக்கம். சாயங்காலம் மாமாக் சாப்பாட்டுக் கடையில் பால் சேர்க்காத கொப்பி ஓ வேறு. மாலை 6 மணிக்குக் குடித்த கொப்பியின் காஃபினில் ஏறக்குறைய பாதி 11 மணிக்கும் உடம்பில் நிற்கும். அவருக்கு மாத்திரை கொடுக்கவில்லை, இராப்படுக்கையைச் சுருக்கினேன். பதினொன்றரைக்கு முன் படுக்கக் கூடாது, என்ன ஆனாலும் ஐந்தரைக்கு எழ வேண்டும், பகல் தூக்கம் கிடையாது. படுத்து இருபது நிமிஷம் போலத் தூக்கம் வராவிட்டால் எழுந்து ஹாலில் உட்காருங்கள், கண் சுழலும்போது மட்டும் திரும்பிப் போங்கள் என்றேன். கடிகாரத்தை முகத்துக்கு நேரே வைக்கவும் கூடாது. முதல் வாரம் என்னைத் திட்டியிருப்பார். நாலாவது வாரம் தொடர்ந்து ஐந்தரை மணி நேரம் தூங்கினார். அப்புறம்தான் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம். இது நான் கண்டுபிடித்த தந்திரம் இல்லை. மாத்திரைக்கு முன்னால் முதல் சிகிச்சையாக இதைத்தான் மருத்துவ அமைப்புகள் பரிந்துரைக்கின்றன. ஆனால் வலிப்பு உள்ளவர்கள், லோரி, பஸ் ஓட்டுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம். தூக்க மாத்திரையோ, தூக்கம் வரும் இருமல் மருந்தோ, ஒரு கிளாஸ் மதுவோ, மூச்சுத்தடை உள்ளவருக்கு ஆபத்து. தளர்ந்த தொண்டையை அவை இன்னும் தளர்த்தும்.

பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972இல் தொடங்கியது. அன்றிலிருந்து இந்தப் பக்கத்தில் ஷிஃப்ட் வேலை இல்லாத தமிழ்க் குடும்பம் குறைவு. இரவு ஷிஃப்ட் முடிந்து காலை ஏழு மணிக்கு மோட்டார் சைக்கிளில் பினாங்குப் பாலத்தில் திரும்புகிற தம்பிகளே, தங்கச்சிகளே, அந்தப் பயணத்தை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. கிளம்புமுன் இருபது நிமிஷம் தூங்கிவிட்டு வாருங்கள். கம்பெனி பஸ் இருந்தால் அதில் வாருங்கள், அதுவும் கறுப்புக் கண்ணாடியோடு. காலை வெயில் கண்ணில் பட்டால் மூளை விடிந்துவிட்டது என்று நம்பிவிடும். வீட்டில் கனமான திரை போடுங்கள்.

நம் கடிகாரமும் கொஞ்சம் ஏமாற்றுகிறது. 1982 ஜனவரி 1 அன்று கிழக்கு மலேசியாவின் சபா, சரவாக்கோடு ஒத்துப்போகத் தீபகற்ப மலேசியாவின் நேரத்தை அரை மணி முன்னால் தள்ளினார்கள். பினாங்கில் சூரியன் உச்சிக்கு வரவே பகல் 1 மணி தாண்டிவிடும். பள்ளிப் பிள்ளைகள் இருட்டில் எழுந்து இருட்டில் சட்டை மாட்டுகிறார்கள். அவர்களைச் சோம்பேறி என்று திட்டுவதற்கு முன் இரவு எத்தனை மணிக்குப் படுத்தார்கள் என்று பாருங்கள்.

இரவில் கால் குடைச்சல் என்று வரும் அக்காமார்களுக்கு ஒரு வார்த்தை. படுத்தால் குடையும், எழுந்து நடந்தால் அடங்கும் என்றால் அது தைலம் தேய்க்கிற வாதம் அல்ல, அமைதியற்ற கால் என்ற தனிக் கோளாறாக இருக்கலாம். உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் என்ற ரத்தப் பரிசோதனை கேளுங்கள். ரத்தசோகை இல்லாவிட்டாலும், அது 75க்குக் கீழே இருந்தால் இரும்புச்சத்து கொடுத்துப் பார்ப்பது வழக்கம். கர்ப்பிணிகளுக்கும் டயாலிசிஸ் செய்பவர்களுக்கும் இது அதிகம்.

அமுக்குவான் பேய்க்கு வருவோம். மலாய்க்காரர்கள் 'கெனா திண்டே' என்பார்கள். கண் விழித்துவிட்டது, கை கால் அசையவில்லை, நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி. கனவு காணும்போது கை கால் ஆடாமலிருக்க மூளை தசைகளைப் பூட்டி வைக்கிறது. பூட்டுத் திறக்கும் முன் விழிப்பு வந்துவிட்டால் இப்படி. தூக்கம் கெட்டவர்களுக்கு அடிக்கடி வரும். தாயத்து கட்டுவது உங்கள் விருப்பம், நேரத்துக்குத் தூங்குங்கள். அந்தப் பூட்டே விழாமல், கனவில் சண்டை போட்டுப் பக்கத்தில் இருப்பவரை உதைக்கும் ஐம்பது வயது தாண்டியவர்கள் மட்டும் நரம்பியல் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். சிலருக்கு அது பல வருஷம் கழித்து வரும் பார்க்கின்சன் நோயின் முன்னறிவிப்பு.

அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டணம் கட்டிக் கேட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தருவார்கள். போகும்போது பக்கத்தில் படுப்பவரையும் கூட்டிப்போங்கள். அவர் வர முடியாவிட்டால், இன்று இரவு குறட்டை கேட்கும்போது உதைத்து எழுப்பாமல் போனில் ஐந்து நிமிஷம் பதிவு செய்யச் சொல்லுங்கள். குறட்டை நிற்கும் இடத்தில் மட்டும் பதிவை நிறுத்திவிட வேண்டாம். டாக்டருக்கு வேண்டியது அந்த அமைதிதான். வணக்கம்.